எட்டாம் இடத்திலிருந்து

முதல் வாரம் சேத்துப்பட்டு.
சொந்த பஸ், சொந்த பிசியோ,
தண்ணீர் பாட்டிலில்கூடக் கல்லூரி முத்திரை.
இரண்டாம் வாரம் ராயபுரம் ஏறி உட்கார்ந்தது.
மூன்றாம் வாரம் மழை. ஓட்டேரி நாலா ரோட்டுக்கு வந்துவிட்டது,
ஒருவரும் ஆடவில்லை,
அப்போதும் முதலிடம் மாறியது:
ராயபுரத்து ரைட் பேக்கின் பதிவு எண்
போன வருஷமே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம்.

முதலிடம் ஷேர் ஆட்டோ சீட் மாதிரி.
உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள்
கொஞ்சம் தள்ளுங்க என்று ஒரு முழங்கை.

பெரம்பூர் மைதானத்தின் தகரப் பலகையில்
புள்ளிப் பட்டியல் எழுதும் மொய்தீன் அண்ணனுக்கு
சாக்பீஸைவிட ஈரத்துணிதான் சீக்கிரம் தேய்ந்தது.
மேலே மூன்று வரிதான் அழிப்பார், எழுதுவார், அழிப்பார்.
கடைசி வரியைத் தொட்டதே இல்லை.
அது நாங்கள்.
வண்ணாரப்பேட்டை மாலைக் கல்லூரி.
ஆறு ஆட்டம், ஆறு தோல்வி.
இருபத்து மூன்று முறை வலைக்குள் குனிந்து
பந்தைப் பொறுக்கியவன் நான்.

புள்ளியியல் மூன்றாம் வருஷம் டெல்லிபாபு
டீக்கடை பெஞ்சில் போனைத் தட்டித் தட்டிச் சொன்னான்:
சேத்துப்பட்டு பதினைந்து, தாம்பரம் பதின்மூன்று,
ராயபுரம் கணக்கில் மட்டும் உயிரோடு.
கடைசி ஆட்டம் சேத்துப்பட்டுக்கு உங்களோடு.
ஆகவே தொண்ணூற்றாறு சதவீதம்.
மீதி நாலு? என்றேன்.
மழை, நாய், மின்னல், என்றான்.
எங்களைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம்
தாம்பரத்துப் பையன்கள் பைக்கில் வந்தார்கள்,
பதினான்கு பொட்டலம் பிரியாணியோடு.
டிரா பண்ணுங்க மச்சான், அது போதும்.
இத்தனை நாள் எங்கள் ஆட்டத்தை
எங்கள் வாட்ச்மேன்கூடப் பார்த்ததில்லை.
கேப்டன் தேசிங்கு முட்டையை முதலில் எடுத்து வாயில் போட்டு,
இதுக்காக ஆடப் போறதில்ல, பசிக்குத் துன்றோம்,
அத்த மட்டும் புரிஞ்சுக்க, என்றான்.
லெக் பீஸுக்குச் சண்டை வந்தது.

ஆட்டம் தொடங்கும்போதே மைதானம் பாதி குளம்.
அவர்கள் அழகாக ஆடினார்கள். பொய் சொல்லக் கூடாது.
போஸ்ட்டில் இரண்டு, என் முழங்காலில் மூன்று,
என் முகத்தில் ஒன்று. அதை நான் பார்க்கவே இல்லை.
எழுபதாவது நிமிஷம் ஆட்ரியன் என்னைத் தாண்டிவிட்டான்.
வெற்று கோல். இடது காலால் மெதுவாகத் தட்டினான்,
குழந்தைக்குப் பந்து உருட்டுவதுபோல.
உருண்டது.
கோட்டுக்கு ஒரு ஜாண் முன்னால்
தேங்கிய தண்ணீரில் இறங்கி
நின்றுவிட்டது.

அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று
டெல்லிபாபுதான் சொல்ல வேண்டும்.
ஆட்ரியன் இரண்டு கையையும் தூக்கிவிட்டிருந்தான்.
அவன் பஸ்ஸிலிருந்து மேளம் கேட்டது.
நான் சேற்றில் தவழ்ந்து போய்
பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தேன்.
இருபத்து நான்காவது, இது மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்.
தாம்பரம் அந்தப் பக்கம் ராயபுரத்தை இரண்டு கோலில் முடித்து
பதினாறுக்குப் பதினாறு என்று வந்து நின்று,
ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்
முதலிடத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
மின்சார ரயிலில் ஆடிக்கொண்டே போனார்களாம்,
கிண்டி வரைக்கும் கதவோரம் ஒருவனையும் நிற்க விடவில்லையாம்.

சேத்துப்பட்டு பஸ் வெகுநேரம் கிளம்பவில்லை.
உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஆட்ரியன் மட்டும் இறங்கி வந்து
அந்தக் குட்டையைக் காலால் கலக்கிப் பார்த்தான்.
ஆழம் கணுக்கால்கூட இல்லை.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஸாரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

மொய்தீன் அண்ணன் மேலே மூன்று வரியையும் அழித்து எழுதினார்.
போன் வைத்திருந்தவன் எல்லாம் படம் எடுத்தான்.
கூட்டம் கலைந்த பிறகு
துணியை மறுபடி பக்கெட்டில் முக்கிப் பிழிந்து,
குத்துக்கால் போட்டு உட்கார்ந்து,
அடிவரியில் இருந்த சைபரைத் தேய்த்தார்.
இரண்டு மாதக் காய்ந்த சாக்பீஸ், லேசில் போகவில்லை.
ஒன்று என்று எழுதியபோது
அதன் பின்னால்
பழைய வட்டம் மங்கலாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் அரியர்.
முட்டியை இன்னும் மடக்க முடியவில்லை.